பொம்மையின் நாற்காலி

என் முதல் வெளிநாட்டுப் பயணம் திருவனந்தபுரத்துக்கு அமைந்தது. பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை, அது ஒன்றுதான் குறை. மற்றபடி போர்டில் இருக்கும் எழுத்து புரியவில்லை, குடிக்கக் கொடுத்த தண்ணீர் ரோஸ் நிறத்தில் வெதுவெதுப்பாக இருந்தது, ஆட்டோக்காரர் நான் கேட்காமலே மீட்டரைப் போட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இதைவிட வேறென்ன வெளிநாடு வேண்டும்?

சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை சித்ரா அங்கே ஒரு பெரிய ரெடிமேட் கடையில் சேல்ஸ் கேர்ள். நாற்பதை நெருங்கிவிட்டாள், இன்னும் கேர்ள்தான். துணிக்கடைகளில் பெண்களுக்கு வயதாக அனுமதி இல்லை. அந்த வேலையிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் செய்த குற்றம், உட்கார்ந்தது.

நான் சும்மா சொல்லவில்லை. அது வாரா வாரம் புது டிசைன் இறங்கும் கடை. போன வாரம் வாங்கிய சட்டையை இந்த வாரம் போட்டுக்கொண்டு போனால் கடை வாசலில் இருக்கும் காவலாளியே பரிதாபமாகப் பார்ப்பார். கண்ணாடிக்குள் ஒரு பொம்மைக்கு மஞ்சள் கவுன் மாட்டி, கால்மேல் கால் போட்டு, அழகான நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்களாம். காலையிலிருந்து நின்று கால் வீங்கிப்போன சித்ரா, கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் அந்தப் பொம்மையைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, அதன் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள். கேமரா பார்த்துவிட்டது. டிஸ்ப்ளேயைக் கலைத்ததாகச் சொல்லி, நாளை முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இத்தனைக்கும் கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளத்தில் சட்டமே இருக்கிறது. பின்னாலேயே எங்கள் தமிழ்நாட்டிலும் வந்தது. மனிதர்கள் உட்காரச் சட்டம் தேவைப்படும் தொழில் ஒன்று இருக்கிறது என்றால் அது எங்கள் தொழில்தான். ஊருக்கு உடுத்தக் கொடுக்கிறவர்கள் நாங்கள், உட்காருகிறவர்கள் அல்ல.

லேபர் ஆபீஸில் சித்ரா புகார் கொடுத்திருந்தாள். விசாரணைக்கு ஒரு துணை வேண்டும் என்று எனக்குப் போன் செய்தாள். அப்படித்தான் ரயில் ஏறினேன்.

முதல் நாளே பஸ்ஸில் அசிங்கப்பட்டேன். ரயிலைவிட்டுத் தம்பானூரில் இறங்கி, சித்ரா குடியிருக்கும் கரமனைக்குப் போக வேண்டியவள், போர்டு படிக்கத் தெரியாமல் நேர் எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்தத் தைரியத்தில் கண்டக்டரைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மா, இது பேட்டைக்குப் போகும் வண்டி. கரமனை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது" என்று மலையாளத்தில் சொன்னதை, பக்கத்து சீட்டுக்காரர் பஸ் முழுவதற்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார். கண்டக்டர் திட்டிக்கொண்டே என்னை இறக்கி, எதிரே வந்த வண்டியைக் கை காட்டி நிறுத்தி, அந்தக் கண்டக்டரிடம் என்னை ஒப்படைத்தார். திட்டிக்கொண்டே உதவி செய்கிற ஊர் என்பது அப்போதே புரிந்துவிட்டது.

ஆற்றுக்குப் பக்கத்தில், அக்ரஹாரத் தெருக்களைத் தாண்டி ஒரு சந்தில் சித்ராவின் வாடகை வீடு. கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்திருந்தாள். கால் இரண்டையும் பிளாஸ்டிக் வாளிச் சுடுதண்ணீரில் விட்டுக்கொண்டுதான் பரிமாறினாள். நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. கையில் எடுத்த கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"போனேன் அக்கா. அதிகம் நிக்கப்பிடாதுன்னு டாக்டர் பறஞ்சாரு. நிக்காம எந்தா அக்கா செய்யது? நிக்கதுதானே ஜோலி."

அவள் கணவர் முருகன் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய பயமும் உண்டு. "மைனி, நான் வந்தா எங்க முதலாளி ஒருமாதிரி நினைப்பாரு. நீங்க போயிட்டு வாங்க. நீங்கதான் பேசக்கூடிய ஆளு" என்றார். என் வாயைப் பற்றிக் குடும்பத்தில் இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

"கடைக்காரங்க என்னட்டி சொல்லுதாங்க?" என்று சித்ராவிடம் கேட்டேன்.

"நான் அவங்க ஆளே இல்லையாம். ஏஜென்சி ஆளாம். ஏஜென்சிக்காரன்கிட்ட கேட்டா, 'நான் ஆளைக் கொண்டு விடுவேன், பின்னே கடைக்காரங்க பாடு'ங்கான். பெரிய கம்பெனிக்கு எழுதினா, இந்தக் கடை எங்க பேரை வாடகைக்கு எடுத்திருக்கு, அவ்வளவே உள்ளுன்னு பதில் வருது. நாலு வருஷமா நான் யாருக்கு வேலை செஞ்சேன்னு எனக்கே அறியாது கேட்டியா."

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. திருப்பூரில் நான் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். தைத்து வரும் துணியை விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். என்னைக் கேட்டால் கம்பெனி ஆள் என்பேன். கம்பெனியைக் கேட்டால் கான்ட்ராக்ட் ஆள் என்பார்கள். கான்ட்ராக்டரை நான் கடைசியாகப் பார்த்தது அவர் மகள் கல்யாணத்தில்.

அன்று சாயங்காலமே கடையைப் பார்த்துவிட வேண்டும் என்று தனியாகப் போனேன். சித்ரா பயந்தாள். என் முகத்தில் அவள் அக்கா என்று எழுதியா ஒட்டியிருக்கிறது?

கண்ணாடிக்குள் அந்த மகாராணி உட்கார்ந்திருந்தாள். இந்த வாரம் பச்சைக் கவுன். முகம் கிடையாது, ஆனாலும் முகத்தில் ஒரு அலட்சியம். உள்ளே போனால் குளிர். குழந்தைகள் பகுதியில் மாம்பழப் படம் போட்ட ஒரு சின்ன உடுப்பு தொங்கியது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் டேபிளில் மலையாகக் குவிந்த அதே மாம்பழம். நான் பார்த்துத் தள்ளிய துணி எனக்கு முன்னால் ஊர் வந்து, ஏசியில், பெரிய பெயரோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. தைத்தவள் ஒருத்தி உட்கார்ந்து தைத்திருப்பாள், பாவம், மெஷினுக்கு நிற்கிறவள் ஆகாது என்பதால். அதற்குப் பிறகு இந்தத் துணியைத் தொட்டவர்கள் எல்லாரும் நின்றுதான் தொட்டிருக்கிறோம்.

அந்தப் பகுதியில் நின்ற பெண் தென்காசிக்காரி. பேச்சிலேயே தெரிந்தது. "உக்கார எடம் இல்லையா தாயி?" என்றேன்.

"கஸ்டமருக்கு அங்க சோபா இருக்கு அக்கா."

"ஒனக்கு?"

அவள் உதடு அசையாமல் சொன்னாள். "பேசாதீங்க அக்கா. மேல கேமரா."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். சதீஷ் என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. மலர்ந்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. என்னைச் சோபாவில் உட்காரச் சொன்னார். குடிக்க ஜூஸ் வேண்டுமா என்றார். இந்தப் பிள்ளைகளுக்கு நாற்காலி கிடையாதா என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன். அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

"அய்யோ, அது எப்படி? சட்டம் உண்டல்லோ. ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் கசேரை உண்டு அம்மா."

"கண்ணுக்குத் தெரியலையே?"

"பத்திரமா கோடவுன்ல வெச்சிருக்கோம். இங்க வெச்சா அழுக்காகும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. நகையை லாக்கரில் வைத்திருப்பவர் சொல்வதுபோலச் சொன்னார். இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் அந்த நாற்காலிகள் கீழே இறங்கும், பெண்கள் அவற்றில் உட்கார்த்தப்படுவார்கள், அதிகாரி போனதும் இரண்டு தரப்பும் எழுந்து தத்தம் இடத்துக்குப் போய்விடும் என்று சித்ரா பிறகு சொன்னாள். எங்கள் கம்பெனியில், துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆள்கள் ஆடிட்டுக்கு வரும்போது இதே கூத்து நடக்கும். சில விஷயங்களில் தமிழனும் மலையாளியும் ஒன்றுதான்.

மறுநாள் விசாரணை. புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பஸ் செக்ரட்டேரியட் பக்கம் போனதும் நின்றுவிட்டது. முன்னால் ஊர்வலம், சாலை முழுக்கக் கொடி. எதற்கு என்று விசாரித்தேன். தொழிலாளர் உரிமைக்காக என்றார்கள்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தொழிலாளர் உரிமை ரோட்டை மறித்துக்கொண்டு நிற்க, ஒரு தொழிலாளி தன் உரிமைக்கு நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. புகார் கொடுத்தவள் வராவிட்டால் கடைக்காரர்களுக்கு அதைவிட வசதி வேறு இல்லை. இறங்கி நடந்தோம். ஊர்வலத்தைக் குறுக்கே தாண்ட வழியே இல்லை. கடைசியில் அதற்குள்ளேயே புகுந்துவிட்டோம். ஒரு அம்மா என் கையில் கொடியைத் திணித்தார். கோஷம் புரியாவிட்டாலும் எல்லாரும் கையைத் தூக்கும்போது நானும் தூக்கினேன்.

அந்த அம்மா சித்ராவிடம் எந்த யூனியன் என்று கேட்டார். துணிக்கடை, யூனியன் இல்லை என்றாள் இவள். "பின்னே எதற்கு வந்தீர்கள்?" என்றார் அவர், நிஜமான குழப்பத்தோடு. திரும்பும் முனையில் கொடியை அவரிடமே கொடுத்துவிட்டு ஓடினோம். சித்ராவுக்கு ஓட முடியவில்லை. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே வந்தாள். கண்ணில் நீர் முட்டியது, நிற்காமல் வந்தாள்.

லேபர் ஆபீஸில் தொழிலாளிகள் வராந்தாவில் நிற்கிறார்கள். உட்கார பெஞ்சு உண்டு, அதில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. நல்லவேளையாக எங்களைக் கூப்பிட இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

உள்ளே ஆபீசர் ஒரு பெண். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். எதிரே கடையின் வக்கீலும் மேனேஜர் சதீஷும். என்னைப் பார்த்ததும் சதீஷ் முகம், ஜூஸ் வேண்டுமா என்று கேட்டதை நினைத்து ஒரு மாதிரி ஆனது. ஏஜென்சிக்காரர் வரவில்லை. அவருக்குக் காய்ச்சலாம். போன தடவையும் காய்ச்சலாம்.

ஆபீசர் சித்ராவைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். சித்ரா உட்காரவில்லை. "வேண்டாம் மேடம், நிக்கேன்" என்றாள். அவள் கண் ஆபீசரைப் பார்க்கவில்லை, சதீஷைப் பார்த்தது. அவர் எதிரே இத்தனை வருஷம் நின்ற கால், வீங்கி வெடிக்கிற நிலையிலும் மடங்க மறுத்தது. உட்கார்ந்ததற்காக வழக்கு நடத்த வந்தவள் உட்காரப் பயந்து நிற்கிறாள். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. தோளைப் பிடித்து அமுக்கினேன். நுனியில் ஒண்டினாள்.

பேச்செல்லாம் மலையாளம். எனக்குப் புரிந்தவரையிலும், புரியாததைச் சித்ரா பிறகு சொன்னவரையிலும் எழுதுகிறேன்.

வக்கீல் ஆரம்பித்தார். அழகான குரல். "இந்தப் பெண்ணுக்கும் எங்கள் கடைக்கும் முதலாளி, தொழிலாளி என்ற உறவே இல்லை. இவர் ஏஜென்சியின் ஆள். ஆகவே நாங்கள் நிறுத்தினோம் என்ற பேச்சுக்கே இடமில்லை." பேசி முடித்துப் பேனாவை மூடிவிட்டார். அத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பு.

ஆபீசர் தலையாட்டினார். "அது ஒன்று. புகாரில் இன்னொன்றும் இருக்கிறது, இருக்கை கொடுக்கவில்லை என்று. கடையில் இருக்கைக்குப் பொறுப்பு யார்?"

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் சதீஷ் எழுந்துவிட்டார். "நான்தான் மேடம்."

"அப்படியானால் குறை நிரூபணமானால் உங்கள் பெயரில்தான் எழுத வேண்டியிருக்கும்."

மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. கடை யாரோடதாக இருந்தால் என்ன, பேர் அவருடையது. "மேடம், இது அநியாயம்! எங்கள் ஸ்டாஃப் எல்லாருக்கும் கசேரை இருக்கிறது. இந்தச் சித்ராவுக்கே நான்தான் ஒதுக்கினேன். குழந்தைகள் செக்‌ஷன், தூண் பக்கத்தில், நீலக் கலர். இன்ஸ்பெக்‌ஷன் அன்று நானே இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வேண்டுமானால் இவரையே கேளுங்கள்!"

வக்கீலின் ஷூ மேசைக்கடியில் சதீஷின் ஷூவைத் தேடிப் போனதை நான் பார்த்தேன். கிடைக்கவும் செய்தது. சதீஷ் காலை நகர்த்திக்கொண்டாரே தவிர வாயை நிறுத்தவில்லை.

ஆபீசர் தலையிலிருந்து கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். 'எங்கள் ஸ்டாஃப்' என்றீர்கள். செக்‌ஷன் ஒதுக்கியது யார்?"

"நான்தான் மேடம்."

"எப்போது நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று சொல்வது?"

"எல்லாம் நான்தான்." தான் ஒரு நல்ல மேனேஜர் என்பதை ஒரு அதிகாரி கடைசியில் புரிந்துகொண்டாரே என்ற நிம்மதி அவர் முகத்தில்.

வக்கீல் எழுந்தார். "மேடம், அந்த நாற்காலி மனிதாபிமான அடிப்படையில் கொடுக்கப்பட்டது."

"யூனிஃபார்மும் மனிதாபிமானத்தில் கொடுத்ததா?" என்றார் ஆபீசர். "உங்கள் ஆள் இல்லையென்றால் அவர் எங்கே உட்கார்ந்தால் உங்களுக்கு என்ன? உங்கள் ஆள் என்றால் நிறுத்தியதற்குப் பதில் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், நான் எழுத வேண்டும்."

அப்போதுதான் சதீஷுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. பாவம், சட்டத்தை மதித்ததாகக் காட்டிக்கொள்ளப் போய் மாட்டிக்கொண்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

வக்கீல் வாய்தா கேட்டார். தரலாம், அதற்குள் நானே கடைக்கு வந்து மற்றப் பெண்களிடமும் யாருடைய ஆள் என்று கேட்டுவிடுகிறேன் என்றார் ஆபீசர். வக்கீல் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது குரலில் தேன் ஒழுகியது. ஒரு சின்னத் தவறான புரிதல், நாளையே சித்ரா வேலைக்கு வரலாம், பழைய சர்வீஸ் அப்படியே தொடரும் என்றார். எல்லாப் பெண்களும் எங்கள் ஆட்கள்தான் என்று ஆவதைவிட ஒருத்தியை ஒத்துக்கொள்வது அவர்களுக்கு நஷ்டம் குறைவு.

சித்ராவுக்கும் அது புரிந்தது. "மேடம், மத்த பிள்ளைங்களுக்கு?"

"அவர்களும் புகார் கொடுக்க வேண்டும்" என்றார் ஆபீசர். வக்கீலிடம் பேசிய குரல் இல்லை, களைத்த குரல். "நான் எத்தனை தடவை வந்தாலும் எனக்கு முன்னால் நாற்காலி வந்துவிடுகிறது."

கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். சித்ரா நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து ஒரு ஹோட்டலில் போளியும் பால் பாயசமும் சாப்பிட்டோம். போளியைப் பாயசத்தில் பிசைந்து அடிக்கிறார்கள் இந்த ஊரில். இனிப்புக்கு மேல் இனிப்பா என்று முதலில் முகம் சுளித்தேன், பிறகு இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டேன். முருகனுக்குப் போன் செய்து சொன்னதும், நான் அப்பவே சொன்னேனே, ஜெயிக்கும்னு என்றார். அவர் எப்போது சொன்னார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் ரயிலுக்கு முன்னால் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் பொம்மை நின்றுகொண்டிருந்தது. அதன் நாற்காலியைக் காணோம். ஒரு ராத்திரியில் அந்தக் கடையில் ஒரே ஒரு பதவி பறிக்கப்பட்டிருக்கிறது, அது அந்த மகாராணியுடையது. உள்ளே, தூண் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நீல நாற்காலியில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். கஸ்டமர் வந்தால் எழுந்தாள், போனால் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. தென்காசிப் பெண் தூரத்தில் நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலே கேமராவைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "அக்கா, அந்த லேபர் ஆபீஸ் எங்க இருக்கு?" என்றாள். இந்தத் தடவை உதடு அசைந்தது.

திருப்பூருக்குத் திரும்பி டேபிளில் நின்றதும் முதல் வேலையாக எங்கள் சூப்பர்வைசர் தம்பியிடம் ஒரு நாற்காலி கேட்டேன்.

"ஏனுங்க்கா, கேரளா போய்ட்டு வந்ததும் தொரையம்மா ஆயிட்டீங்களாட்ட இருக்குது" என்று சிரித்தார். "நீங்க கான்ட்ராக்ட் ஆளுங்க்கா. சேரு கீரு எல்லாம் கான்ட்ராக்டர்கிட்டத்தான் கேக்கோணும். கம்பெனிக்கும் உங்களுக்கும் என்ன இருக்குது?"

சரி தம்பி என்றேன். அவருக்கு என்மேல் பாசம் உண்டு. போனவர் திரும்பி வந்து சமாதானம் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க்கா. அடுத்த வாரம் ஆடிட் வருது. அன்னிக்கு எல்லாத்துக்கும் சேரு எறக்கறோம். உங்களைய முன்னாடி லைன்லயே உக்கார வெச்சர்றேன்."

உட்காருவேன். ஆடிட்டர் வந்து, இந்த நாற்காலி யார் கொடுத்தது என்று கேட்கும்படி பார்த்துக்கொள்வேன். எங்கள் மேனேஜரும் நல்ல மனிதர்தான், பெருமைக்காரர், எங்கள் ஆளுக்கு நாங்கள்தான் கொடுத்தோம் என்று அவரே முந்திக்கொண்டு சொல்வார். அதை அவர் வாயால் கேட்கத்தான் காத்திருக்கிறேன். இப்போதைக்கு, நின்றுகொண்டு.